ஒரு கரண்டி பழைய மாவு

நலவுணவு நாள் விழாவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டதில் ஒரு நியாயமும் இல்லை. நான் புள்ளியியல் வாத்தியார். பொருநைப் பல்கலைக்கழகத்து விடுதி உணவுக்கூடத்துக்குத் துணைக் காப்பாளர் பதவியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் சாப்பாடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கோமதிநாயகம் பார்த்துக்கொள்வார் என்று முடிவாகிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலை பதினொரு மணிக்கு வயிறு கிள்ள ஆரம்பிக்கும், பன்னிரண்டே காலுக்கு முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். முப்பது வருடமாக அது ஒரு நாளும் தவறியதில்லை.

விழாப் பதாகையில் என்ன எழுதுவது என்று மூன்று கூட்டம் போட்டோம். கடைசியில் 'நல்லது, மலிவானது, நாளைக்கும் மிஞ்சுவது' என்று எழுதினோம். ஐப்பசி முதல் வாரம், நூலகத்துக்கு முன்னால் பந்தல். வேதியியல் துறையினர் பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்திருந்தார்கள். தாவரவியல்காரர்கள் வாழைப்பூவை ஏழு விதமாகச் சமைத்து, ஏழையும் ஒரே ருசியில் கொண்டுவந்திருந்தார்கள். இயற்பியல் துறை வெயிலில் சுண்டல் வேகவைக்கும் அடுப்பு வைத்திருந்தது. அன்று மேகமூட்டம் என்பதால் மாலை வரைக்கும் பட்டாணி கல்லாகவே கிடந்தது.

கடைசிக் கடை டாக்டர் மெஹருன்னிசாவுடையது. உயிர்த்தொழில்நுட்பத் துறை, மேலப்பாளையத்துக்காரர், சிரிப்பதற்குக் காரணம் கேட்கிற ரகம். அவர் தட்டில் வெளிர்பச்சை நிறத்தில் இட்லி இருந்தது. அதைத் தின்னப் பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது பேருக்கு மட்டும் அனுமதி.

"மாடு என்ன தின்னுது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வைக்கோல்," என்றேன் நான், வாத்தியார் என்கிற தைரியத்தில்.

"இல்ல சார். மாடு மெல்லத்தான் செய்யுது. தின்னுறது அது வயித்துல குடியிருக்கிற நுண்ணுயிர்கள். அதுங்க வைக்கோலை உடைச்சுச் சத்தாக்கிக் குடுக்கு, மாடு வாங்கிக்கிடுது. நம்ம வயித்துல அந்தக் குடித்தனம் இல்ல. அதனாலதான் நாம கரும்புச் சக்கையைத் துப்புறோம், கடலைத் தோலை ஊதித் தள்ளுறோம். இந்த மாவுல நான் அந்தக் குடித்தனக்காரங்களை வெச்சிருக்கேன். இதைத் தின்னா, அடுத்த மூணு நாளைக்கு உங்களுக்கு இலை தழை எல்லாமே சோறுதான்."

"வேகவெச்சா செத்துப்போகாதா?"

"சாகாது. சூடு பட்டா விதை மாதிரி சுருண்டுக்கிடும், வயித்துக்குள்ள போய் முளைக்கும். ஆனா உயிரோட இருக்க அதுக்கு ஒரு பொடி வேணும். அந்தப் பொடி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. பொடி கிடைக்காட்டி மூணாம் நாள் எல்லாம் செத்துப்போகும். நான் நாலு வருஷமா மெனக்கெட்டது அந்தப் பூட்டுக்குத்தான்."

முதலில் கையெழுத்துப் போட்ட பெண் முப்புடாதி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாவுக்கு மூத்த மகள். வகுப்பில் வாய் திறக்காத பெண். அன்று இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் மேடம் அது மூணு நாள்ல சாகணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மெஹருன்னிசா சிரிக்கவில்லை. "பாதுகாப்புக்கும்மா," என்றார்.

நாற்பது பேரும் மூன்று நாள் கீரைத் தண்டும் வாழைக்காய்த் தோலும் கடலைத் தோலில் செய்த அடையும் தின்று வாழ்ந்தார்கள். எடை குறையவில்லை, சோர்வு இல்லை. எண்களை நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். நம்ப முடியாமல் மூன்றாவது தடவையும் பார்த்தேன். நான்காம் நாள் எல்லோருக்கும் பழையபடி பசித்தது. விழா முடிந்தது, பதாகையைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தோம்.

அடுத்து ஒரு மாதத்துக்கு நான் எதையும் கவனிக்கவில்லை. நடுவில் தீபாவளி விடுமுறை வந்து போனது. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள், உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிற இடத்தருகே நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். அன்று முருங்கைக்காய் சாம்பார். திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தேன். ஒரு தட்டிலும் முருங்கைச் சக்கை இல்லை.

கறிவேப்பிலையும் இல்லை. எங்கள் மாணவர்கள் எதில் ஒற்றுமை காட்டாவிட்டாலும் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதில் ஒற்றுமை காட்டுவார்கள். இருநூறு தட்டுகளை எண்ணிப் பார்த்தேன். எல்லா ஓரமும் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

உள்ளே தலைமைச் சமையல்காரர் சொரிமுத்து மாஸ்டர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சோற்று அண்டா முக்கால்வாசி நிரம்பி இருந்தது.

"சார், நேராச் சொல்லிருங்க," என்றார். "எங்கையில ருசி போயிட்டா? மூணு வாரமா இந்தக் கூத்துதான். வாராவ, ஒரு கரண்டி வாங்குதாவ, போயிருதாவ. பாதிப் பேரு வாரதே இல்ல. இருவத்தாறு வருசமா ஆக்கிப் போடுதேன். ஒரு பிள்ளகூட 'மாஸ்டர், இன்னும் கொஞ்சம்'னு கேக்க மாட்டேங்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மணி ஒன்றேகால். எனக்கு இன்னும் பசிக்கவில்லை. நேற்றும் பசிக்கவில்லை. போன வாரம் முழுக்கப் பதினொரு மணி வந்து போனது எனக்குத் தெரியவே இல்லை.

மெஹருன்னிசாவைத் தேடிக்கொண்டு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். இருவரும் சமையற்கூடத்துக்கு வந்தோம்.

"மாஸ்டர், விழா அன்னைக்கு என் மாவை நீங்கதான அரைச்சுக் குடுத்தீங்க? மிச்சம் இருந்ததை என்ன செஞ்சீங்க?"

"நல்லாப் பொங்கின மாவ யாராச்சும் கொட்டுவாவளா மேடம்? அன்னைக்கு மழ. நம்ம மாவு பொங்காமக் கெடந்துச்சு. உங்க அண்டாவுல அடியில கொஞ்சம் கெடந்துச்சா, அதுல ஒரு கரண்டி எடுத்துப் புதுமாவுல விட்டுக் கலக்கி வெச்சேன். காலைல பாத்தா அண்டா வழிய நிக்கு!"

"மறுநாள்?"

"அந்த மாவுல ஒரு கரண்டி எடுத்து மறுநாள் மாவுக்கு. அதுல ஒரு கரண்டி அதுக்கு மறுநாளைக்கு. எப்பவும் செய்யதுதான?" அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மேடம், செய்யக் கூடாதா? யாரும் சொல்லலயே?"

யாரும் சொல்லவில்லைதான். பதினோரு பக்கப் படிவத்தில் உலகத்து ஆபத்து அத்தனையும் எழுதியிருந்தது. அதை நாற்பது மாணவர்கள் படித்தார்கள், ஆறு பேராசிரியர்கள் திருத்தினார்கள். மாவை அரைத்தவரிடம் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை நாளில் புது மாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி விடுவது எங்கள் எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். ஆனாலும் தோன்றவில்லை.

மெஹருன்னிசா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொடி இல்லாட்டி செத்துப்போகும்னு சொன்னீங்களே?" என்றேன்.

"செத்துப்போச்சு சார். கிட்டத்தட்ட எல்லாமே. லட்சத்துல ஒண்ணு எப்படியோ தப்பிச்சிருக்கும். மாஸ்டர் கரண்டியில அது மறுநாள் மாவுக்குப் போச்சு. அங்கயும் பொடி இல்ல. அதுலயும் தப்பிச்சது அதுக்கு மறுநாள் போச்சு. தினமும் ஒரு பரீட்சை வெச்சு, பாஸானதை மட்டும் மேல்வகுப்புக்கு அனுப்பின மாதிரி. முப்பது நாள், முப்பது கரண்டி." அவர் சொரிமுத்து மாஸ்டரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "நான் நாலு வருஷமாப் போட்ட பூட்டை மாஸ்டர் ஒரு மாசத்துல திறந்துட்டார்."

அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் வளாகத்தைச் சுற்றி நடந்தோம். ஒருவர் வயிற்றிலிருந்து இன்னொருவருக்கு அது தொற்றாது, மாவு வழியாகத்தான் போகும் என்று அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன்.

மணி இரண்டு. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. யாரும் அவசரப்படவில்லை. பூவரச மரத்தடியில் நாலு பெண்கள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேச்சுவாக்கில் ஒரு தளிரைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். புல்வெளியில் மல்லாந்து கிடந்த ஒருவன் புல்லைப் பிடுங்கி வேரோடு மென்றுகொண்டே பாடினான். ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் பசி இல்லை. மனிதன் என்று ஒருவன் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு மத்தியானம் பூமியில் வந்திருக்காது. படை நடத்தியதும் களவுக்குப் போனதும் கடல் தாண்டியதும் பெற்ற பிள்ளையை விற்றதும் எதற்காகவோ, அது இந்த மதிலுக்குள் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை கூப்ப வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை.

"பாருங்க மேடம்," என்றேன்.

"பாக்கிறேன் சார்," என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அந்தப் பிரமிப்பு ஐந்து நாள் நீடித்தது. ஆறாம் நாள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் மைதானத்தில் மயங்கி விழுந்தான். மறுநாள் மூன்று பேர், அதற்கு மறுநாள் பதினொரு பேர். எல்லோருக்கும் ரத்தம் குறைந்திருந்தது. முடி கொட்டுகிறது, நகம் வெளுக்கிறது என்று பலர் சொன்னார்கள்.

"தெம்பு வருது, அதனால பசி எடுக்கல," என்று மெஹருன்னிசா விளக்கினார். "பசி எடுக்கலன்னு இவங்க எதையும் தின்னுறதில்ல. பருப்பு இல்ல, முட்டை இல்ல, காய் இல்ல. ஒரு புல்லைக் கடிச்சுட்டு நாள் பூரா ஓடுறாங்க. வயிறு நிறைஞ்சிருக்கு சார், உடம்பு பட்டினி கிடக்கு."

இதற்குள் விஷயம் துணைவேந்தர் காதுக்குப் போய்விட்டது. அவர் அறையில் ஒரு கூட்டம். விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த கம்பெனிக்காரரும் வந்திருந்தார். கட்டடத் தொழிலாளர்களுக்குக் கேன்டீன் நடத்துகிறவர். அவர் முகத்தில் நான் அனுபவித்த அதே பிரமிப்பு இருந்தது.

"அரிசி வேண்டாம், பருப்பு வேண்டாம். கரும்புச் சக்கையை மாவாக்கிக் குடுத்தாப் போதும்," என்றார். "மேல சத்து மாத்திரை ஒண்ணு. ஆயிரம் ஆள் வேலை பாக்கிற சைட்ல அடுப்பே வேண்டாம் சார். அப்புறம் ரேஷனுக்கும் பேசலாம்."

"நீங்க சாப்பிடுவீங்களா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்குத்தான் சோறு இருக்கே!"

அவர் சொன்னதில் துளி விஷமம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் மெஹருன்னிசா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அழிச்சிரணும் சார். ஒரு சொட்டு மிச்சமில்லாம," என்றார்.

சுகாதாரத் துறையும் அதையே சொன்னது. மூன்று நாளைக்கு மூன்று மாத்திரை. எல்லோரும் விழுங்க வேண்டும். சமையற்கூடத்து அண்டா, கரண்டி, அரைக்கும் கல் எல்லாவற்றையும் அழுத்த நீராவியில் வைத்து எடுத்தார்கள். பழைய மாவைக் குழி தோண்டி எரித்தார்கள். மாஸ்டர் அதைப் பார்க்க வரவில்லை. மாத்திரை வாங்கியவர்களின் பட்டியல் என் பொறுப்பு. இரண்டு நாளில் ஆயிரத்து எழுநூற்றுப் பதினொரு பெயருக்கு நேரே டிக் விழுந்தது. பாக்கி ஒரு பெயர்.

முப்புடாதியை என் அறைக்குக் கூப்பிட்டேன். மெஹருன்னிசாவும் இருந்தார். மாத்திரை மேசை மேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"எனக்கு மயக்கம் வரல சார். நான் மூணு நேரமும் சாப்புடுதேன்," என்றாள்.

"அது இல்லம்மா விஷயம்," என்றார் மெஹருன்னிசா. "இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? இல்லாதவங்களுக்குப் பசிக்காதுன்னு தெரிஞ்ச மறுநாள் அரிசியை நிறுத்திருவாங்க. சக்கை குடுப்பாங்க. பசிக்குதுன்னு ஒரு வார்த்தை இருக்கிற வரைக்கும்தான் நாம கேக்க முடியும். வைக்கோல் போதும்னு ஆனப்புறம் மனுஷங்களை யாரு மதிப்பாங்க? உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் சொல்லுதேன்."

முப்புடாதி தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"ஐப்பசி, கார்த்திய, மார்கழி மூணு மாசமும் உப்பளத்துல வேல கெடையாது மேடம். பாத்தியெல்லாம் தண்ணியாக் கெடக்கும். அரிசி பாதி மாசத்துலயே தீந்துரும். அப்புறம் ஒரு நேரந்தான். எந்தம்பிக்கு நான் கத சொல்லி ஒறங்க வெப்பேன், கஞ்சி காயுது, இந்தா வந்துரும்னு. அடுப்புல வெறும் தண்ணி கொதிக்கும்." நிமிர்ந்தாள். "பசி இல்லாட்டி வைக்கோல் குடுப்பாவன்னு சொல்லுதிய. பசிக்கும்போது இப்ப மட்டும் என்ன குடுக்காவ மேடம்?"

மெஹருன்னிசா மாத்திரையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் மாத்திரையை எடுத்து, என் தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, எங்கள் கண்ணெதிரே விழுங்கினாள். அத்தனை பேசியவள் ஏன் இவ்வளவு சுலபமாக விழுங்கினாள் என்று எனக்கு உறைக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

நான்காம் நாள் பசி திரும்பி வந்தது.

பதினொன்றே காலுக்கு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் யாரோ மெதுவாகக் கதவைத் தட்டியது போல இருந்தது. பேச்சை நிறுத்தினேன். மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய வயிறோ சத்தமாக உறுமியது, வகுப்பே கைதட்டியது. மணி அடிப்பதற்கு முன்பே எல்லாக் கட்டடத்திலிருந்தும் பிள்ளைகள் உணவுக்கூடத்தை நோக்கி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். அன்று வெறும் சோறு, பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். முதல் கவளம் நாக்கில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஒருவன் அழுதுகொண்டே தின்றான். இத்தனை நாள் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதிரே இருந்தவர் தட்டிலிருந்து பொரியலைத் திருடினார்கள். "மாஸ்டர், இன்னும் கொஞ்சம்!" என்று ஒரு குரல் கேட்டது. சொரிமுத்து மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்ததைப் பார்க்க வேண்டும். பசி இவ்வளவு பெரிய வரமா என்று நான் மலைத்துப்போனேன்.

அன்று மாலை, மாத்திரையோடு எல்லோரிடமும் எழுதி வாங்கிய படிவங்களை அடுக்கினேன். 'விடுமுறையில் வளாகத்திலிருந்து மாவு அல்லது உணவு எடுத்துச் சென்றீர்களா?' என்ற கேள்விக்கு ஆயிரத்து எழுநூற்றுப் பதினொரு பேர் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒரு 'ஆம்' இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், 'சார், நீங்களும் மேடமும் வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க' என்று இருந்தது. முப்புடாதியின் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மெஹருன்னிசா மடியில் ஒரு பை. அதில் நூற்றைம்பது பேருக்கான மாத்திரை. தூத்துக்குடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, சேற்றில் அரை மணி நேரம் நடந்தோம். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் மழைத் தண்ணீரில் ஏரியாகக் கிடந்தன. குவித்து வைத்த உப்பு மேல் ஓலை மூடியிருந்தது. காலையில் கிளம்பியவர்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. புதிதாகத் திரும்பி வந்த பசி எங்கள் இருவரையும் பிடுங்கித் தின்றது.

நாற்பது குடிசை இருக்கும். முப்புடாதியின் அம்மா மாரிக்கனி, வெயிலில் கறுத்த ஒல்லியான பெண், வாசலுக்கே வந்து "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். முதலில் அவர் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார் மெஹருன்னிசா. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பிக்கு, பக்கத்து வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று பதினெட்டுப் பேருக்குக் குத்தினார். எண்களை நான் எழுதிக்கொண்டேன். ஒருவருக்கும் ரத்தம் குறைவில்லை. என் ரத்தத்தை விட நன்றாக இருந்தது.

"எப்படிக்கா?" என்று மெஹருன்னிசா கேட்டார். "எங்க பிள்ளைங்க எல்லாம் விழுந்துட்டாங்களே. பசி எடுக்காம நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

மாரிக்கனிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நாங்க என்னைக்கும்மா பசிக்குன்னு தின்னோம்? இருக்கும்போது தின்னோம். இப்பமும் அப்பிடித்தான். உமரிக் கீர கெடக்கு, முருங்க கெடக்கு, எலையும் தண்டும் சேத்து அவிச்சு மூணு நேரமும் தின்னுருதோம். கூட ஒரு கை சோறு, கெடச்சா மீனு. பசிக்காட்டியும் தின்னணும்லா? நாளைக்கு இருக்குமோ என்னமோ."

பசி மணி அடித்தால் சாப்பிடுவது, அடிக்காவிட்டால் விட்டுவிடுவது என்பது எங்கள் பழக்கம். அது எல்லா மனிதருக்கும் பொது என்று நான் நினைத்திருந்தேன். பசியை மணியாக வைத்துக்கொள்ள, அடித்தவுடன் சோறு வருகிற இடத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது ஐம்பத்து நாலு வயதில் அந்தக் குடிசை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

"ஊரு பூரா ஒரு வாய் மாவு குடுத்துட்டேன்," என்றார் மாரிக்கனி. "ஆனா யாருகிட்டயும் மூச்சு விடல. தெரிஞ்சா அரிசிய நிப்பாட்டிருவாவல்லா? ரேஷன் கடையில போயிப் பசிச்ச மொகமா நிக்கணும்னு பிள்ளையளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் சொல்லிராதிய."

மெஹருன்னிசா என்னைப் பார்த்தார். நாங்கள் கூடிப் பயந்ததை இந்த அம்மாள் என்றைக்கோ யோசித்து வழியும் செய்துவிட்டிருந்தார்.

எங்கள் முகத்தில் பசி எழுதி ஒட்டியிருந்தது போலும். அவர் மேற்கொண்டு பேசாமல் உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்தார். குவித்த சோறு, மேலே மீன் குழம்பு. "மாசக் கடேசியில எங்க வீட்டுல அரிசி இருக்கது இதான் மொதத் தடவ," என்றார் பெருமையாக. "வந்தவியளுக்கு வயிறாரச் சோறு போட முடியுது."

ஊரே சுற்றி நின்றது. பிள்ளைகள் குந்தியிருந்து எங்கள் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஏக்கம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டு பெரிய மனிதர்கள் இவ்வளவு வேகமாகத் தின்கிறார்களே என்ற வேடிக்கைதான் இருந்தது.

"பையில என்னம்மா?" என்று மாரிக்கனி கேட்டார்.

மெஹருன்னிசா கையில் கவளம் நின்றது. "மாத்திரைக்கா," என்றார்.

"என்னத்துக்கு?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "பசிக்கிறதுக்கு," என்றார்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "பசிக்கதுக்கா? பசிக்கதுக்கா மாத்திர கண்டுபிடிச்சிருக்காவ?" என்றார் மாரிக்கனி, அவரும் சிரித்தார். சொல்லச் சொல்ல அது குடிசைக்குக் குடிசை போனது. ஊரே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஆயுளில் இப்படி ஒரு வேடிக்கையைக் கேட்டதில்லை.

மெஹருன்னிசா பையைக் காலால் தனக்குப் பின்னே தள்ளினார். நான் சட்டைப் பையிலிருந்து, சுகாதாரத் துறைக்குத் தர வேண்டிய படிவத்தை எடுத்து, 'வெளியே பரவியதா?' என்ற கேள்விக்கு நேரே, முப்பது வருடப் புள்ளியியல் வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்தே ஒரு தப்பான விடை எழுதினேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா," என்றார் மெஹருன்னிசா.